இரட்டைவால் குருவியின் மாடு

மட்டைப்பெட்டியைத் திறக்க முன்னம் நான் கேட்பது ஒரே கேள்விதான்: "எங்க எடுத்தனீங்கள்?"

கேட்டதும் பெட்டி கொண்டுவந்தவரின் முகம் சுருங்கும். குஞ்சுக்கு என்ன வருத்தம் என்று பார்ப்பேன் என நம்பி வந்தவர் அவர். நானோ களவு விசாரிக்கிற பொலிஸ்காரன் மாதிரி இடம் விசாரிக்கிறேன். "கிணத்தடியில கிடந்தது", "பள்ளிக்கூட மதிலோரம் நிண்டது", "வடலிக்குள்ள பூனை துரத்தினது" என்று ஏதாவது பதில் வரும். பாதி வைத்தியம் அந்தப் பதிலுக்குள்தான் இருக்கிறது. இதைக் கற்றுக்கொள்ள எனக்கு ஒன்பது வருடமும் ஒரு மைனாவும் செலவாயின.

1988இல் குண்டசாலையில் பயிற்சி முடித்துக்கொண்டு ஊர் திரும்பியவன் நான். கால்நடை அபிவிருத்திப் போதனாசிரியர் என்பது உத்தியோகத்தின் பெயர். அவ்வளவு நீளத்தை எங்கள் சனம் வாயில் எடுப்பதில்லை. மாட்டு டொக்டர் என்பார்கள். நான் டொக்டர் இல்லை. பட்டம் பெற்ற மிருக வைத்தியர் அலுவலகத்தில் இருப்பார். நெல்லியடி, கரவெட்டி, வதிரி, துன்னாலை, இமையாணன் என்று வளவு வளவாகப் போய் மாடுகளுக்குச் செயற்கைச் சினைப்படுத்தல் செய்வதும், கோழிகளுக்கு றாணிக்கெற் தடுப்பு மருந்து கொடுப்பதும், கன்றுக்குப் பூச்சிமருந்து பருக்குவதும் என் வேலை. இதை ஆயிரம் தரம் விளக்கியிருப்பேன். "சரி டொக்டர்" என்று கேட்டுவிட்டுப் போவார்கள்.

அலுவலகப் பதிவேட்டில் மாட்டுக்குப் பத்தி உண்டு, ஆட்டுக்கு உண்டு, கோழிக்கு உண்டு. காட்டுப் பறவைக்கு இல்லை. ஆனாலும் பெட்டிகள் வந்தன. சப்பாத்துப் பெட்டி, பிஸ்கற் பெட்டி, பனையோலைக் கடகம், மூடியில் ஆணியால் துளைபோட்ட பால்மாப் பேணி. உள்ளே புலுனி, மைனா, கிளி, காகம், செண்பகம். ஒருமுறை வல்லைவெளியில் மின்கம்பியில் அடிபட்ட பூநாரை ஒன்றைச் சாரத்தால் சுற்றி, மோட்டார் சைக்கிளில் இரண்டு பேருக்கு நடுவில் இருத்திக் கொண்டுவந்தார்கள். மாட்டைப் பார்க்கிறவனுக்குக் குருவியைப் பார்க்கத் தெரியாதா என்பது ஊரின் நியாயம். குண்டசாலையில் எங்களுக்குச் சொல்லித் தந்த ஒரே பறவை கோழி. மற்றதெல்லாம் பிழைவிட்டுப் படித்தது.

முதலில் படித்தது தண்ணீரைப் பற்றி. பெட்டியில் வரும் குஞ்சுகளில் முக்கால்வாசிக்கு, எனக்கு முன்னமே யாரோ வைத்தியம் பார்த்திருப்பார்கள். "தண்ணி பருக்கினனீங்களோ?" என்றால், "ஓம், பாலும் பருக்கினனாங்கள்" என்று பெருமையாகச் சொல்வார்கள். பறவையின் நாக்குக்குப் பின்னாலேயே மூச்சுக்குழலின் வாய் திறந்து கிடக்கிறது. பயந்து கொட்டாவி விடுகிற குஞ்சின் அலகுக்குள் தண்ணீரை ஊற்றினால் அது நேரே சுவாசப்பைக்குப் போகும். கூட்டில் இருக்கும் குருவிக்குஞ்சுக்குத் தாய் தண்ணீர் கொண்டுவந்து கொடுப்பதில்லை. புழுவிலும் பழத்திலும் உள்ள ஈரமே அதற்குப் போதும். பாலைச் சரியாகச் செரிக்கும் சக்தியோ பறவைகளுக்கு இல்லை. பசியால் செத்த குஞ்சைவிடப் பரிவால் செத்த குஞ்சுகளைத்தான் நான் கூடுதலாகப் புதைத்திருக்கிறேன்.

இரண்டாவது, சிறகைப் பற்றி. மயிர் முளைக்காமல், கண் திறவாமல் கிடந்தால் அது கூட்டிலிருந்து விழுந்த குஞ்சு. கூட்டைத் தேடித் திருப்பி வைக்க வேண்டும். உடம்பெல்லாம் இறகு மூடி, வால் மாத்திரம் கட்டையாய், தத்தித் தத்தி நடந்தால் அது விழுந்த குஞ்சு அல்ல, பறக்கப் பழகும் குஞ்சு. தாயும் தகப்பனும் பக்கத்து முருங்கையில் இருந்துகொண்டு, எப்போது இந்த மனுசர் போவார்கள் என்று பார்த்துக்கொண்டிருக்கும். கள்ளிறக்கப் போகிற வழியிலும் பள்ளிவிட்டு வருகிற வழியிலும் எங்கள் ஆட்கள் 'காப்பாற்றி' வருவது பெரும்பாலும் இந்த இரண்டாம் வகையைத்தான். மனிதக் கை பட்டால் தாய் சேர்க்காது என்று ஒரு கதையும் உண்டு. அது பொய். கை பட்டதற்காகப் பிள்ளையைத் தள்ளிவைத்த குருவியை நான் கண்டதில்லை.

இதில் புலுனிக்கு மாத்திரம் எங்கள் தயவு தேவைப்படவில்லை. புலுனி குடும்பமாய் வாழ்கிற சாதி. ஒரு சோடியின் குஞ்சுக்குக் கூட்டம் முழுதும் இரைகொடுக்கும். ஒருநாள் காலை வதிரிப் பெடியன் ஒருவன் புலுனிக்குஞ்சைச் சேட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டு வந்தான். அவனுக்குப் பின்னாலேயே ஆறேழு புலுனிகள் வேலி வேலியாகத் தாவிக் கத்திக்கொண்டு வந்தன. நான் கேட்கவேண்டிய கேள்வியை அவையே கேட்டுக்கொண்டிருந்தன. குஞ்சை வேலிக் கதியாலில் வைத்துவிட்டுத் தள்ளி நின்றோம். அரை நிமிடத்தில் பிரச்சினை தீர்ந்தது.

மைனாவுக்கு அப்படி யாரும் கத்திக்கொண்டு வரவில்லை.

1995 ஒக்டோபர் 30 இரவு யுத்தத்தால் வலிகாமம் வெறுமையாயிற்று. லட்சக்கணக்கில் வெளிக்கிட்ட சனத்தில் ஒரு பகுதி தென்மராட்சிக்கும் ஒரு பகுதி எங்கள் பக்கமும் வந்தது. எங்கள் வளவில் இரண்டு குடும்பங்கள். மாட்டுக்கொட்டிலின் ஒரு பக்கத்தைக் கிடுகால் மறைத்து அதற்குள் இருந்த குடும்பத்தில் பத்து வயதுப் பெடியன் ஒருவன். பள்ளிக்கூடங்களிலும் இடம்பெயர்ந்த சனம் இருந்ததால் அவனுக்குப் படிப்பும் இல்லை. என் சைக்கிள் பின்னால் ஏறி மாடு பார்க்க வருவான். பெற்றோலுக்குத் தடை இருந்த காலம். என் மோட்டார் சைக்கிள் சாக்குக்குள் நித்திரை.

1996 பங்குனியில் பதுங்கு குழி மூடக் குற்றி வேண்டுமென்று பின்வளவில் நின்ற தலையில்லாப் பனை ஒன்றைத் தறித்தார்கள். அதன் பொந்துக்குள் மைனாக் கூடு. மூன்று குஞ்சில் இரண்டு மரத்தோடு நசுங்கின. மிஞ்சியதைப் பெடியன் இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு ஓடிவந்தான். கண் திறந்திருந்தது; இறகுக் குருத்துகள் முள்ளு முள்ளாய் நின்றன. எங்கே எடுத்தாய் என்று அன்றைக்கு நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தாயும் தகப்பனும் வெட்டுண்ட பனையின் அடியைச் சுற்றிப் பறந்துகொண்டிருந்ததைப் போய்ப் பார்த்திருப்பேன். பக்கத்துப் பனையில் ஒரு பெட்டியைக் கட்டி அதற்குள் குஞ்சை வைத்திருக்கலாம். மைனா பெட்டிக்குள்ளும் பிள்ளை வளர்க்கும். எனக்கு அது தோன்றவில்லை. "வளர்ப்பம்" என்றேன்.

மின்சாரம் இல்லை. வெந்நீர்ப் போத்தலைப் பழைய சேலையால் சுற்றிக் குஞ்சுக்குப் பக்கத்தில் வைத்தோம். இரவில் ஜாம் போத்தல் விளக்கின் வெளிச்சத்தில் ஒருதரம் இரை. பகலில் பெடியன் தரிசு வயலில் வெட்டுக்கிளி பிடித்து, கால் முறித்து, ஈர்க்கின் நுனியில் குத்திக் கொடுப்பான். அந்தப் பிள்ளைக்கு அந்த ஐந்து மாதத்தில் கிடைத்த ஒரே உத்தியோகம் அது. அதைக் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

குஞ்சு வளர்ந்தது. அவன் தோளில் இருந்துகொண்டு கிணற்றடிக்குப் போகும், குசினிக்குப் போகும். அவன் வாயைக் குவித்துச் சீக்காய் அடித்தால் பூவரசிலிருந்து பறந்து வந்து தலையில் இறங்கும். ஊரே பார்க்க வந்தது. "முற்பிறப்புத் தொடர்பு" என்றார்கள் கிழவிகள். சித்திரையும் வைகாசியுமாக வலிகாமச் சனம் திரும்பத் தொடங்கியபோது, வழியில் என்ன நடக்கும் என்று தெரியாத பயணத்தில் குருவியையும் கொண்டுபோக முடியாது என்று தகப்பன் சொல்லிவிட்டார். பெடியன் அழவில்லை. என்னிடம் தந்துவிட்டு, "விட்டா வராது மாமா, கூப்பிட்டாத்தான் வரும்" என்று சீக்காய் அடிக்கப் பழக்கினான்.

அவன் போனபின் மைனாவுக்கு நான் அவனானேன். கூடு கிடையாது, கட்டியதும் கிடையாது, எங்கும் பறக்கலாம். அது போகவில்லை. சைக்கிள் கைபிடியில் ஏறி நெல்லியடிச் சந்தைவரை வரும். முன்பின் தெரியாத ஆட்களின் தலையில் இறங்கும். சிலர் சிரிப்பார்கள், சிலர் கையை வீசுவார்கள். வளவு வேலியில் மற்ற மைனாக்கள் வந்து இருந்தால் தலையைச் சரித்துப் பார்க்கும், பிறகு என் தோளுக்கே வந்துவிடும். அடுத்த தை பிறந்ததும் புதுப் பழக்கம் ஒன்று தொடங்கிற்று. என் காதுக்குப் பக்கத்தில் நின்று தலைமயிரைச் சிலிர்த்து, குனிந்து குனிந்து, தொண்டைக்குள் கரகரவென்று ஏதோ சொல்லும். மனைவிக்குச் சிரிப்பு அடங்காது. எனக்கும் உள்ளூர ஒரு கொழுப்புத்தான். ஆகாயத்தில் திரிகிற ஒன்று தானாக வந்து என்னிடம் தங்குகிறதே!

மாசியில் ஒருநாள் காலை அது குசினி வாசற்படியில் இருந்தது. வேலிக்கரையால் பூனை வந்தது. வேலியில் நின்ற மைனாக்கள் எல்லாம் ஒரே குரலில் அலறின. பூனையைக் கண்டால் மைனா போடுகிற அந்தச் சத்தத்தை எங்கள் பகுதியில் பிள்ளைக்கும் தெரியும். நான் கிணற்றடியிலிருந்து நிமிர்ந்து பார்த்தேன். ஊர்க் குருவிக்கெல்லாம் விளங்கிய அந்தச் சத்தம் வாசற்படியில் இருந்ததற்கு மாத்திரம் விளங்கவில்லை. அது பூனையைப் பார்க்காமல் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது.

ஒரு கிழமை கழித்து, வலிகாமத்திலிருந்து வந்த ஒருவரிடம் பெடியன் கொப்பித்தாள் ஒன்றை மடித்துக் கொடுத்துவிட்டிருந்தான். மைனா எப்படி என்று கேட்டிருந்தான். அதே தாளின் பின்பக்கத்தில் எழுதினேன்: பறந்து போய்விட்டது, பனங்கூடலுக்குள் சோடி சேர்ந்துவிட்டது.

சில வருடம் கழித்துப் பேராதனையில் படித்த ஒரு மிருக வைத்தியர் எங்கள் பக்கம் வேலைக்கு வந்தார். தேத்தண்ணி குடிக்கும்போது இந்த மைனாக் கதையைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. கொன்ராட் லோரன்ஸ் என்ற ஒஸ்திரிய விஞ்ஞானியின் புத்தகத்தை இரவல் தந்தார். 1973இல் நோபல் பரிசு பெற்ற மூவரில் ஒருவர் அவர். முட்டையிலிருந்து வந்த வாத்துக்குஞ்சு முதல் நாளில் எதைப் பின்தொடர்கிறதோ அதையே தாயென்று மனதில் பதித்துக்கொள்ளும், பிறகு அந்தப் பதிவை அழிப்பது பெரும்பாடு என்பதை உலகத்துக்கு விளங்கவைத்தவர். அவருடைய சாம்பல்நிற வாத்துகள் அவர் பின்னாலேயே ஆற்றில் நீந்தின. அவர் வளர்த்த காக்கை இனத்துப் பறவையொன்று அவரையே சோடியாக நினைத்துப் புழுவை அவர் வாயில் ஊட்டப் பார்க்கும். வாயை மூடிக்கொண்டால் காதுக்குள் திணித்துவிடும். அந்த இடத்தைப் படிக்கும்போது என் கை என்னை அறியாமல் காதுக்குப் போயிற்று.

வாத்தும் கோழியும் பிறந்த உடனே நடக்கிறவை. அவற்றின் பதிவு சில மணி நேரங்களில் முடிந்துவிடும். மைனா குருடாய், மயிரில்லாமல் பிறக்கிறது. கண் திறந்து கூட்டில் கிடக்கும் நாட்களில்தான் இரை கொண்டுவரும் முகத்தைப் படிக்கிறது. யார் தாய் என்பதோடு பாடம் முடிவதில்லை. தான் யார், பெரிதானபின் யாரோடு சோடி சேர வேண்டும் என்பதும் அந்த நாட்களில்தான் எழுதப்படுகிறது. என் மைனாவின் தாளில் எங்களுடைய முகங்களை எழுதிவைத்தது நாங்கள்தான். முற்பிறப்பு அல்ல, அந்தப் பங்குனி மாதம்.

அந்த வைத்தியர் சொன்ன இன்னொரு கதைதான் என் தொழிலுக்கு மிக நெருங்கியது. அமெரிக்காவில் ஹூப்பிங் கொக்கு என்றொரு வெள்ளைக் கொக்கு. 1941இல் காட்டில் இருபத்தொன்று, இருபத்திரண்டு அளவில்தான் மிஞ்சியிருந்தது. அந்த இனத்தில் டெக்ஸ் என்ற பேடு 1967இல் மிருகக்காட்சிச்சாலையில் பொரித்து மனிதக் கையில் வளர்ந்தது. சேவற்கொக்கை அது ஏறிட்டும் பார்க்காது. மனிதரைக் கண்டால் ஆடும். கொக்குகளுக்கு ஆட்டம்தான் கலியாணப் பேச்சு. விஸ்கொன்சினில் உள்ள சர்வதேசக் கொக்கு நிறுவனத்தைத் தொடக்கியவர்களில் ஒருவரான ஜோர்ஜ் ஆர்ச்சிபோல்ட், 1976இல் அந்தப் பேட்டைப் பொறுப்பேற்றார். கொக்கின் கொட்டிலுக்குப் பக்கத்தில் படுத்து எழும்பினார். காலையில் கையை விரித்து, குதித்து, அதோடு ஆடினார். ஆடினால்தான் அதன் உடம்பு முட்டைக்கு ஆயத்தமாகும். ஆயத்தமானதும் சேவலிடம் எடுத்த விந்தைச் செலுத்துவார்கள். செயற்கைச் சினைப்படுத்தல்! வருடத்துக்கு வருடம் தோல்வி. 1982இல் ஒரு முட்டை பொரித்தது. குஞ்சுக்கு ஜீ விஸ் என்று பெயர் வைத்தார்கள். அதே வருடம் டெக்ஸை ரக்கூன்கள் கொன்றுவிட்டன.

மாட்டுக்குச் சினை பார்க்க நான் செலவழித்தது அதிகம் போனால் அரை மணி நேரம். ஒரு மனிதர் ஒரு குஞ்சுக்காக வருடக்கணக்கில் ஆடியிருக்கிறார். ஆடியது அவருடைய பெருமை. ஆட வேண்டி வந்தது, முன்னொரு காலத்தில் யாரோ அதைக் கையில் வைத்து வளர்த்ததற்குக் கொடுத்த விலை. இந்த இரண்டையும் ஒன்றாக நினைவில் வைத்திருக்க வேண்டும். கலிபோர்னியாவில் 1980களில் கொண்டோர் என்ற பெரிய கழுகின் குஞ்சுகளை வளர்த்தவர்கள், தாய்க்கழுகின் தலை மாதிரிக் கைப்பொம்மை செய்து, அதன் வாயால்தான் இரை கொடுத்தார்கள். மனித முகம் குஞ்சின் கண்ணில் படக்கூடாது.

நானும் செய்தேன். பழைய கறுத்த சொக்ஸ் ஒன்றை எடுத்து, மஞ்சள் துணியில் கண்ணும் அலகும் தைத்து, கையில் மாட்டிக்கொண்டேன். தையல் மிசினில் இருந்த மனைவி பார்த்துவிட்டு, "உங்களுக்கு விசர்" என்றாள். அவள் சொன்னது முழுப்பிழை அல்ல. அந்தச் சொக்ஸைப் பார்த்தால் மைனாவும் பயப்படும். ஆனால் முறை சரி. பெட்டியைத் துணியால் மூடி, பின்பக்க ஓட்டையால் ஊட்டுவேன். கதைக்க மாட்டேன். முடிந்தால் இரண்டு குஞ்சுகளை ஒன்றாக வைப்பேன், ஒன்றின் முகத்தை ஒன்று படிக்கட்டும் என்று. பெட்டியை வைப்பது அதே இனம் கத்துகிற மரத்துக்குக் கீழே. பறக்கத் தொடங்கியதும் கையில் இரை கிடையாது. வேலியில் வைத்துவிட்டுப் போய்விடுவேன். கடைசிக் கிழமையில் தோளுக்கு வந்தால் துவாயை வீசித் துரத்துவேன். ஒரு குஞ்சை நல்லபடி வளர்த்ததற்கு அடையாளம், போகும்போது அதற்கு என்மேல் வெறுப்பு இருப்பது.

எல்லாப் பறவைக்கும் இவ்வளவு பாடு தேவையில்லை என்று ஒரு குயில் காட்டித் தந்தது. சனிக்கிழமை விரதத்துக்குக் காகத்துக்குச் சோறு வைக்கிற ஆச்சி ஒருவர், "சனீஸ்வரன்ர வாகனம், பார்த்துச் செய் மோனை" என்று கறுத்த குஞ்சு ஒன்றைத் தந்தார். காலைப் பார்த்தேன். காகத்துக்கு மூன்று விரல் முன்னும் ஒன்று பின்னும் இருக்கும். இதற்கு முன்னுக்கு இரண்டு, பின்னுக்கு இரண்டு. "ஆச்சி, இது காகமில்லை, குயில்" என்றேன். காகத்தின் கூட்டில் களவாய் இட்ட முட்டை. காகம் ஏமாந்து வளர்த்த பிள்ளை. இரண்டரைக் கிழமை என் கையால் தின்றது. தானாகப் பழம் கொத்தப் பழகிய மறுநாள் போயிற்று, திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வளர்த்தவரின் முகத்தைத் தன் முகமென்று படித்தால் குயிலினம் ஒரே தலைமுறையில் அழிந்துபோகும். காகத்திடம் போய்ச் சோடி கேட்டு நிற்கும். நன்றியில்லாத குஞ்சென்று ஆச்சி கோபித்தார். எனக்கு அன்றைக்கு நல்ல நித்திரை.

2023இல் மனிதரோடு ஒட்டிக்கொண்ட பறவையின் கதை மறுபடியும் என்னிடம் வந்தது, இம்முறை தேத்தண்ணிக் கடையில். உத்தரப் பிரதேசத்தின் அமேதிப் பக்கத்தில் ஆரிப் என்ற விவசாயி, 2022 பெப்ரவரியில் கால் காயப்பட்ட சாரசக் கொக்கு ஒன்றை வயலில் கண்டெடுத்து, மஞ்சளும் கடுகெண்ணெயும் வைத்துக் கட்டி மாற்றினார். ஆள் உயரக் கொக்கு அது. பறக்கிற பறவைகளிலேயே மிக உயரமானது. மாறியபின்னும் அவரைவிட்டுப் போகவில்லை. பகலில் வயலுக்குப் பறந்து போகும், வீட்டுக்குத் திரும்பி வரும். அவர் மோட்டார் சைக்கிளில் போனால் மேலே கூடப் பறக்கும். அந்தப் படம் உலகமெல்லாம் ஓடிற்று. 2023 மார்ச் 21இல் வனத்துறை அதைப் பிடித்து ஒரு சரணாலயத்துக்குக் கொண்டுபோயிற்று. பிறகு கான்பூர் மிருகக்காட்சிச்சாலை. வனவுயிர்ச் சட்டத்தின்கீழ் அவர்மேல் வழக்கும் பதிவாயிற்று. அவர் பார்க்கப் போனபோது கம்பிக்குள் அது சிறகை விரித்துத் துள்ளியது.

"டொக்டர், பிடிச்சுக்கொண்டு போனது நியாயமோ?" என்று கேட்டார்கள். எங்கள் நாட்டிலும் 1937ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது, காட்டுப் பறவையை வீட்டில் வைத்திருக்க ஏலாது என்று சட்டம் பேசித் தப்பியிருக்கலாம். நான் சொன்னது வேறு. ஆரிப் அதைக் கூட்டில் அடைக்கவில்லை. அது வளர்ந்த கொக்கு, குஞ்சல்ல. அதன் ஒட்டுதல் என் மைனாவின் ஒட்டுதல் இல்லை. சாரசம் சோடியாய் வாழ்கிற பறவை. தனித்து, முடமாய்க் கிடந்த நாட்களில் பக்கத்தில் இருந்தது ஒரு மனிதர்தான். கால் மாறிய முதற் கிழமையில் வேறு சாரசங்கள் மேய்கிற நீர்நிலையில் கொண்டுபோய் விட்டிருந்தால் கதை வேறாகியிருக்கும். அதைச் சொல்லித் தர அப்போது அவர் பக்கத்தில் ஆளில்லை. ஒரு வருடம் கழித்து வந்தவர்கள் கொண்டுவந்தது கூட்டை. வானத்தில் பறந்த ஒன்றைக் கம்பிக்குள் வைத்ததை நியாயம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. துவாய் வீசித் துரத்தாத குற்றத்தை அவர்மேல் சொல்லவும் எனக்குத் தகுதியில்லை.

இனி இரட்டைவால் குருவி. புத்தகத்தில் கரிச்சான் என்றும் கரிக்குருவி என்றும் போடுகிறார்கள். இலங்கையில் எங்கள் வறண்ட வடக்கும் மன்னார்ப் பக்கமும்தான் அதன் ஊர். உடம்பு ஒரு சாண்தான். காகத்தையும் பருந்தையும் தலையில் குத்தித் துரத்தும். காகங்களுக்குப் பயந்து ஒடுங்கிய கரிக்குருவிக்குச் சிவபெருமான் உபதேசம் செய்து வலிமை கொடுத்ததாகத் திருவிளையாடற் புராணத்தில் ஒரு படலமே இருக்கிறது. மேய்கிற மாட்டின் முதுகில் இருக்கும். மாட்டுக் கால் பட்டுப் புல்லிலிருந்து கிளம்பும் வெட்டுக்கிளியை ஆகாயத்தில் வைத்துப் பிடித்துக்கொண்டு மறுபடி முதுகுக்கு வரும்.

2016 அளவில் கரவெட்டி வயல்வெளியில் ஒன்று என்னைப் பிடித்துக்கொண்டது. அறுவடை முடிந்த வயலில் மாடுகள் கட்டியிருக்கும் மாதங்கள். மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டுப் புல்லுக்குள் இறங்கினால் எங்கிருந்தோ வந்து முன்னால் நிற்கும் கட்டையில் இருக்கும். நான் நடக்க நடக்க அடுத்த கட்டை, அடுத்த கதியால். நான் குனிந்து மாட்டைப் பார்க்கும்போது மோட்டார் சைக்கிளின் கைபிடியில் போய் இருக்கும். அடுத்த வயலுக்குப் போனால் அங்கேயும் வரும். நான் எடுத்து வளர்த்தது அல்ல, ஒரு புழு கொடுத்ததும் கிடையாது. "குருவி உங்களோட வாரம் பண்ணுது டொக்டர்" என்று மாட்டுக்காரர் பகிடி விட்டார். இருபது வருடத்துக்கு முந்திய கொழுப்பு உள்ளே மெல்லத் தலைதூக்கியதை மறைக்க மாட்டேன்.

ஆனால் பிழைவிட்டுப் படித்தவன் அல்லவா. ஒருநாள் நான் வரம்பில் இருந்துகொண்டு மாட்டுக்காரரைப் புல்லுக்குள் நடக்கச் சொன்னேன். குருவி ஒரு நிமிடம் என்னைப் பார்த்தது. பிறகு அவருக்கு முன்னாலிருந்த கட்டைக்குப் போயிற்று. அவர் கால் பட்டுக் கிளம்பிய வெட்டுக்கிளியைப் பிடித்தது. என் சேட்டு, என் குரல், என் மோட்டார் சைக்கிள் ஒன்றும் அதற்குப் பொருட்டல்ல. நான் அதற்குப் புல்லை உலுக்குகிற நாலு கால். இரண்டு கால் குறைந்த மாடு.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் சிரித்தேன். என் வாழ்க்கையில் எந்தக் காட்டுப் பறவையிடமும் நான் இவ்வளவு சரியான இடத்தில் இருந்ததில்லை. அது என்னிடம் எடுப்பதில் எனக்கு நட்டமில்லை. நான் நாளைக்கு வராவிட்டால் அதற்கும் நட்டமில்லை.

2018 ஆவணியில், சந்நிதித் திருவிழா நேரம், ரொறன்ரோவிலிருந்து ஒரு குடும்பம் என்னைத் தேடிவந்தது. முப்பது வயது கடந்த ஒருவர், மனைவி, ஏழு வயது மகள். "மாமா, என்னைத் தெரியுதோ?" என்றார். குரல் மாறியிருந்தது, சீக்காய் மாறவில்லை. வளவைக் காட்டினேன். மாட்டுக்கொட்டில் இருந்த இடத்தில் இப்போது தண்ணீர்த் தொட்டி. பின்னேரம் பிள்ளைக்குக் கன்றுக்குட்டி காட்ட வயற்பக்கம் கூட்டிக்கொண்டு போனேன். புல்லில் கால் வைத்ததும் குருவி வந்தது. நாங்கள் நடக்க அது கட்டைக்குக் கட்டை தாவி முன்னால் போயிற்று.

"தாத்தா, அதுக்கு உங்களில விருப்பமா?" என்று பிள்ளை கேட்டாள்.

"இல்லைப் பிள்ளை. அது என்னை மாடெண்டு நினைக்குது."

அவள் சிரித்த சிரிப்பில் கன்று மிரண்டது. தகப்பனும் சிரித்தார். பிறகு குனிந்து, வயலுக்கு அப்பால் தெரிந்த எங்கள் பனங்கூடலைப் பிள்ளைக்குக் காட்டினார்.

"அப்பான்ர மைனா அதுக்குள்ளதான் பறந்து போனது. சோடியும் சேர்ந்தது. என்ன மாமா?"

அவர் கேட்டது என்னை. பிள்ளையும் என் முகத்தைத்தான் பார்த்தாள்.

"ஓம் தம்பி" என்றேன்.

குருவி அதற்குள் வரம்பில் அவிழ்த்துவிட்ட மாடு ஒன்றைக் கண்டு அங்கே போய்விட்டது.